வீட்டு மீடியா சர்வரை வெளியிலிருந்து பார்க்க: ஜெல்லிஃபினுக்கு இரண்டு வழிகள்

வீட்டுக் கணினியில் இருக்கும் படங்களை ஃபோனுக்கும் டிவிக்கும் அனுப்பும் மென்பொருள் ஜெல்லிஃபின். வீட்டு வைஃபையில் அது ஒழுங்காக ஓடும். வாசலைத் தாண்டினால் திறக்காது. உடனே பலரும் ரவுட்டருக்குள் புகுந்து போர்ட் ஃபார்வர்டிங்கைத் (வெளியிலிருந்து ஒரு போர்ட் எண்ணுக்கு வரும் இணைப்பை வீட்டுக்குள் ஒரு கணினிக்குத் திருப்பிவிடுவது) தேடுவார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: உங்கள் இணைப்புக்கென்று தனியாக ஒரு பொது ஐபி முகவரி, அதாவது இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய எண், உண்டா என்பது. அது இல்லையென்றால் ரவுட்டரில் எதை மாற்றினாலும் பலன் கிடையாது.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைப்பு நிலையைத் திறந்து, இணைய நிறுவனம் கொடுத்திருக்கும் வெளிப்பக்க ஐபியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டு வைஃபையிலேயே இருந்தபடி, உங்கள் ஐபியைக் காட்டும் ஏதாவது ஒரு இணையதளத்தைத் திறங்கள். இரண்டு எண்ணும் ஒன்றென்றால் பொது முகவரி இருக்கிறது. ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கும் எண் தெரிந்தால், நிறுவனம் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. சிஜிநேட் என்பது இதுதான். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால், பெரும்பாலும் உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கும். இணைய நிறுவனம் கொடுத்த மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

அப்லோட் வேகம்

வெளியில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது செலவாவது வீட்டு இணைப்பின் அப்லோட் வேகம்தான். டவுன்லோட் எவ்வளவு இருந்தாலும் இங்கே அது உதவாது. 1080பி படத்துக்கு 8 எம்பிபிஎஸ் ஒதுக்கினால் படம் தெளிவாக இருக்கும். அப்லோட் 20 எம்பிபிஎஸ் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பார்க்கலாம். மூன்றாமவர் வந்தால் மூவருக்கும் திக்கும். ப்ளூரேயிலிருந்து அப்படியே எடுத்த 4கே ஃபைல் 50 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கேட்கும். அதை வெளியில் நேரடியாகப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. ஜெல்லிஃபின் டாஷ்போர்டில் ப்ளேபேக், அதற்குள் ஸ்ட்ரீமிங் என்று போனால், வெளி இணைப்புகளுக்கான பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவு) வரம்பு இருக்கும். அப்லோடில் முக்கால் பங்கை, ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து அங்கே போடுங்கள்.

வரம்பு போட்டால் பெரிய ஃபைல்களை சர்வர் அந்தக் கணமே சிறிதாக்கி அனுப்ப வேண்டும். இந்த டிரான்ஸ்கோடிங்கைப் பழைய சிபியு தனியாகத் தாங்காது. இன்டெல் ப்ராசஸரில் குவிக் சிங்க் (வீடியோவை மாற்றுவதற்கென்றே உள்ள பகுதி) இருந்தால் அதே டாஷ்போர்டில் அதை இயக்கிவிடுங்கள்.

முதல் வழி: டெயில்ஸ்கேல்

டெயில்ஸ்கேல் என்பது உங்கள் சாதனங்களை எங்கிருந்தாலும் ஒரே தனி நெட்வொர்க்கில் சேர்க்கும் விபிஎன் ஆப். நீங்களும் வீட்டாரும் மட்டும் பார்ப்பதற்கு இதுவே போதும். ரவுட்டரைத் தொட வேண்டாம். சிஜிநேட் இருந்தாலும் வேலை செய்யும். இணையத்துக்கு எந்தக் கதவும் திறந்து வைக்கப்படுவதில்லை. சர்வரில் டெயில்ஸ்கேலை நிறுவி உள்நுழையுங்கள். ஃபோனிலும் நிறுவி அதே கணக்கில் உள்நுழையுங்கள். சாதனப் பட்டியலில் சர்வருக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி தெரியும். ஜெல்லிஃபின் ஆப்பில் சர்வர் முகவரி கேட்கும் இடத்தில் அதைப் போட்டு, முக்காற்புள்ளிக்குப் பின் போர்ட் எண்ணைச் சேருங்கள்: 100.101.102.103:8096 என்பதுபோல. முன்னால் எச்டிடிபிஎஸ் போடாதீர்கள், எச்டிடிபி போதும். போகிற பாதையை டெயில்ஸ்கேலே குறியாக்கம் செய்துவிடுகிறது.

திறக்கவில்லையா? ஜெல்லிஃபினின் நெட்வொர்க்கிங் பக்கத்தில் வெளி இணைப்புகளை அனுமதிக்கும் டிக் இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் சர்வர் என்றால் ஃபயர்வால் 8096-ஐத் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

திறக்கிறது, ஆனால் தாங்க முடியாத மெதுவா? இரண்டு சாதனங்களும் நேரடியாகச் சேர முடியாமல் டெயில்ஸ்கேலின் ரிலே சர்வர் வழியாகப் பேசிக்கொண்டிருக்கும். டெயில்ஸ்கேலின் பிங் கட்டளையை ஓடவிட்டால் பதிலிலேயே தெரியும்: டெர்ப் என்று வந்தால் ரிலே, ஐபி எண் வந்தால் நேரடி. முதல் சில பதில்கள் பெரும்பாலும் ரிலேயில்தான் வரும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பொது ஐபி இருப்பவர்கள் ரவுட்டரில் யுடிபி போர்ட் 41641-ஐ சர்வருக்குத் திருப்பிவிட்டால் பெரும்பாலும் நேரடிக்கு மாறிவிடும்.

நிறுவிய கையோடு இதையும் செய்துவிடுங்கள். டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் கீ காலாவதியை (குறிப்பிட்ட நாளுக்குப் பின் மறுபடி உள்நுழையச் சொல்வது) நிறுத்தி வையுங்கள். இயல்பாக அது 180 நாள். விட்டுவிட்டால், ஆறு மாதம் சிக்கலில்லாமல் ஓடிய சர்வர் நீங்கள் வெளியூரில் இருக்கும் ஒரு நாளில் காணாமல் போகும்.

இந்த வழியின் குறை டிவிதான். ஆண்ட்ராய்டு டிவி, ஆப்பிள் டிவி இரண்டிலும் டெயில்ஸ்கேல் ஆப் உண்டு. சாம்சங், எல்ஜி டிவிகளின் சொந்த இயங்குதளங்களில் கிடையாது. அங்கே ஒரு ஆண்ட்ராய்டு டிவி பெட்டியைச் செருக வேண்டியிருக்கும்.

இரண்டாம் வழி: சொந்தப் பெயர், ரிவர்ஸ் ப்ராக்ஸி

உறவினர் வீட்டு டிவியில் எதையும் நிறுவச் சொல்ல முடியாது, ஒரு முகவரியை மட்டும்தான் கொடுக்க முடியும் என்றால் இந்த வழி. வெளியிலிருந்து வரும் கோரிக்கையை முதலில் வாங்கி ஜெல்லிஃபினுக்குக் கடத்தும் இடைநிலை மென்பொருள்தான் ரிவர்ஸ் ப்ராக்ஸி. இதற்குப் பொது ஐபி கட்டாயம்.

முதலில் ரவுட்டரின் டிஹெச்சிபி (சாதனங்களுக்கு உள் ஐபி கொடுக்கும்) பகுதியில் சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒரு உள் ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். இல்லையேல் ஒருநாள் ரீஸ்டார்ட் ஆனதும் ஐபி மாறி, போர்ட் ஃபார்வர்டிங் வேறு யாருடைய லேப்டாப்புக்கோ போய்க்கொண்டிருக்கும். வெளி ஐபி அடிக்கடி மாறும் இணைப்பென்றால் டக்டிஎன்எஸ் போன்ற இலவச டைனமிக் டிஎன்எஸ்ஸில் (மாறும் ஐபியை ஒரே இணையப் பெயரோடு இணைத்து வைக்கும் சேவை) ஒரு பெயரை எடுத்து, சர்வர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும்படி வையுங்கள்.

ரவுட்டரில் 80, 443 போர்ட்கள் இரண்டையும் சர்வருக்குத் திருப்புங்கள். 8096-ஐ வெளியே திறக்காதீர்கள். அதில் குறியாக்கம் இல்லை. பாஸ்வேர்ட் வழியெல்லாம் வெட்டவெளியாகப் போகும். சர்வரில் ரிவர்ஸ் ப்ராக்ஸியாக கேடி (Caddy) வெப் சர்வரை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் உங்கள் டொமைன் பெயரையும், அதற்குள் reverse_proxy 127.0.0.1:8096 என்ற ஒரு வரியையும் எழுதினால் முடிந்தது. குறியாக்கத்துக்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவச அமைப்பிடமிருந்து கேடி தானே வாங்கி, தானே புதுப்பித்துக்கொள்ளும். சான்றிதழ் வரவில்லை என்றால் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 சரிபார்ப்புகள் தோற்றால் லெட்ஸ் என்க்ரிப்ட் கதவை மூடிவிடும். போர்ட் உண்மையில் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது பலரும் விட்டுவிடுவது. நெட்வொர்க்கிங் பக்கத்தில் நோன் ப்ராக்ஸிஸ் (Known Proxies) என்ற பெட்டியில் 127.0.0.1 என்று எழுதி, ஜெல்லிஃபினை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எழுதாவிட்டால் வெளியிலிருந்து வருகிற எல்லோரும் ப்ராக்ஸியின் ஐபியில் வந்ததாக, அதாவது வீட்டுக்குள் இருப்பவர்களாக, ஜெல்லிஃபினுக்குத் தெரியும். நீங்கள் போட்ட பிட்ரேட் வரம்பு யாருக்கும் பொருந்தாது. அப்லோட் ஏன் அடைத்துக்கொள்கிறது என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். கேடி டாக்கரில் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில், அதாவது கன்டெய்னர்களில், ஓட்டும் முறை) ஓடினால் அதன் கன்டெய்னர் ஐபியை எழுத வேண்டும்.

கதவைத் திறந்தாயிற்று என்றால் பூட்டும் வேண்டும். அட்மின் கணக்கின் அமைப்பில் வெளி இணைப்பு அனுமதியை எடுத்துவிட்டு, படம் பார்ப்பதற்கு, நிர்வாக அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தவறான பாஸ்வேர்டை எத்தனை முறை போட்டால் கணக்கு பூட்டப்படும் என்ற எண்ணையும் ஒவ்வொரு கணக்கிலும் சுழியத்துக்கு மேற்பட்ட சிறிய எண்ணாக வையுங்கள். ஜெல்லிஃபின் அப்டேட்டுகளைத் தள்ளிப்போட வேண்டாம். ஃபைல் பகிர்வுக்கான 445-ஐ எந்தக் காரணத்துக்காகவும் வெளியே திறக்கக் கூடாது.

சோதனையும் சிக்கல்களும்

ஃபோனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டுக்குள் இருந்து வெளி முகவரியைத் தட்டினால் சில ரவுட்டர்கள் திருப்பி விடாது. எல்லாம் சரியாக இருந்தும் உடைந்ததுபோலத் தெரியும்.

பக்கம் திறந்து, படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால், அந்த நேரத்தில் டாஷ்போர்டைப் பாருங்கள். டிரான்ஸ்கோடிங் நடக்கிறதா, ஏன் என்று அங்கேயே காரணத்தோடு இருக்கும். பெரும்பாலும் குற்றவாளி சப்டைட்டில்: ப்ளூரேயின் பிஜிஎஸ் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருப்பதால், பல சாதனங்களுக்கு அதை வீடியோ மேல் பதித்துத்தான் அனுப்ப முடியும். எஸ்ஆர்டி ஃபைலாக மாற்றிவிட்டால் சுமை போய்விடும்.

ஜெல்லிஃபினுக்குப் பதிலாக ப்ளெக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு போர்ட் 32400. ஆனால் 2025 ஏப்ரல் 29 முதல் ப்ளெக்ஸில் வீட்டுக்கு வெளியே வீடியோ பார்க்கக் கட்டணச் சந்தா தேவை.

கடைசியாக சர்வர் பெட்டி. தூக்க நிலையை முழுவதும் நிறுத்துங்கள். பயாஸில், மின்சாரம் போய் வந்ததும் தானே ஆன் ஆகும் அமைப்பு இருக்கும். அதை இயக்கி, ஜெல்லிஃபினும் டெயில்ஸ்கேலும் (அல்லது கேடியும்) யாரும் உள்நுழையாமலே தொடங்கும் சர்வீஸ்களாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் ஒருமுறை ப்ளக்கைப் பிடுங்கி மறுபடி செருகி, எதையும் தொடாமல் மொபைல் டேட்டாவில் படம் ஓடுகிறதா என்று சோதித்துவிடுங்கள்.