காதுக்கு ஏற்றபடி கோப்புப் பெயர் வைப்பது எப்படி?

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிற தன்னார்வலர்களுக்கான குறிப்பு இது. வாசிப்பு அருமையாக இருக்கும். ஆனால் கோப்புப் பெயர்களை இயந்திரக் குரலில் வாசித்துக் காட்டும் பேசும் புத்தகக் கருவியில் மெமரி கார்டைப் போட்டதும் முதலில் கேட்பது என்ன தெரியுமா? "ஏயுடி டேஷ் இருபது மில்லியன் இருநூற்று நாற்பதாயிரத்து முந்நூற்றுப் பதினைந்து டேஷ் டபிள்யூஏ..." 2024 மார்ச் 15 அன்று வாட்ஸ்அப்பில் வந்த ஒலிக்கோப்பு, வந்த பெயரிலேயே கார்டுக்குப் போனதன் விளைவு. அந்தத் தேதியை 20240315 என்று ஒட்டி எழுதினால் குரல் அதை ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளும்.

பேசும் புத்தகக் கருவியில் பட்டியல் ஒரே பார்வையில் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு பெயர்தான், அதுவும் முன்னிருந்து பின்னாக. கேட்பவர் பெயர் முடியும்வரை காத்திருப்பதும் இல்லை. தேடுவது இது இல்லை என்று தெரிந்த நொடியே அடுத்த பொத்தானைத் தட்டிவிடுவார். அதனால் ஒரு கோப்பை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் விஷயம் பெயரின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். கீழே உள்ள எல்லாமே இதற்காகத்தான்.

படி 1: புத்தகத்தின் பெயரைக் கோப்புறைக்குக் கொடுங்கள்

"பதினொன்றாம் வகுப்பு வரலாறு பாடம் 7 பகுதி 2" என்பது எழுத்தில் ஒழுங்கான பெயர். காதில் கேட்டால் தண்டனை. நாற்பது கோப்பு இருந்தால் "பதினொன்றாம் வகுப்பு வரலாறு" நாற்பது முறை வரும். அதைக் கோப்புறைக்கு வைத்துவிட்டு, உள்ளே "07 பகுதி 2" என்று மட்டும் வையுங்கள்.

விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் போன்ற கருவிகளுக்கு இது இன்னும் முக்கியம். அதன் கார்டில் டாலர் குறியோடு தொடங்கும் கோப்புறைகள் இருக்கும். அவற்றில் 'அதர் புக்ஸ்' என்று முடியும் கோப்புறைக்குள் நீங்கள் போடும் ஒவ்வொரு துணைக் கோப்புறையையும் கருவி ஒரு புத்தகமாக எடுத்துக்கொள்ளும். நாற்பது கோப்புகளையும் துணைக் கோப்புறை இல்லாமல் அப்படியே கொட்டினால் நாற்பது புத்தகம் என்று சொல்லும்.

படி 2: எண் முன்னால், பூஜ்யத்தோடு

1, 2, 3 என்று எண் போட்டால் கணினியில் வரிசை சரியாகத்தான் தெரியும். விண்டோஸ் எண்ணின் மதிப்பைப் பார்த்து அடுக்குகிறது. பல கருவிகள் எழுத்து எழுத்தாகப் பார்த்து அடுக்கும். அங்கே 1-க்கு அடுத்து 10, 11, 12 எல்லாம் வந்த பிறகுதான் 2 வரும். ஆகவே 01, 02 என்று போடுங்கள். நூறு கோப்பைத் தாண்டும் என்றால் 001.

இன்னொரு கூத்தும் உண்டு. சில மலிவு விலை பிளேயர்கள் பெயரையே பார்ப்பதில்லை. கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். கோப்புறையைக் காலி செய்துவிட்டு, வரிசைப்படி ஒவ்வொன்றாக நகல் எடுத்தால் சரியாகிவிடும்.

படி 3: குறிகளைக் குறையுங்கள்

சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வேண்டாம், வெற்றிடம் போதும். பல குரல்கள் "அண்டர்ஸ்கோர்" என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லும். அடைப்புக்குறியும் அப்படித்தான். தேதி கட்டாயம் வேண்டும் என்றால் 2024 03 15 என்று பிரித்து எழுதுங்கள். ரோமன் எண் வேண்டாம். நான்கு என்பது "ஐவி" ஆகிவிடும். "அத். 3" மாதிரிச் சுருக்கங்களும் வேண்டாம், "அத்" என்றுதான் கேட்கும்.

படி 4: எந்தக் குரல் என்று கேளுங்கள்

தமிழ்க் குரல் உள்ள கருவிக்குத் தமிழிலேயே பெயர் வையுங்கள். ஆங்கிலக் குரல் மட்டும் இருந்தால் தமிழ் எழுத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடலாம். எண்ணை முன்னால் வைத்திருந்தால் அதுவாவது கேட்கும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது வழி அல்ல. "வரலாறு" அந்தக் குரலின் வாயில் என்னவாகும் என்று சொல்ல முடியாது. "ஹிஸ்டரி லெசன்" என்று நேரடி ஆங்கிலமே மேல்.

படி 5: உள்ளே இருக்கும் தலைப்பையும் பாருங்கள்

எம்பி3 கோப்புக்குள் தலைப்பு, பாடியவர் என்று தனி விவரங்கள் இருக்கும். சில கருவிகள் கோப்புப் பெயரை விட்டுவிட்டு இந்தத் தலைப்பைத்தான் படிக்கும். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் கோப்புப் பெயரை அப்படியே தலைப்பாக மாற்றிக்கொள்ளலாம். மொத்தமாகப் பெயர் மாற்றவும் அதுவே போதும். விண்டோஸில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தும் குறுக்கு வழி இதற்கு உதவாது: பெயர் முன்னால் போய், எண் அடைப்புக்குறிக்குள் கடைசியில் உட்கார்ந்துவிடும்.

டெய்சி புத்தகம் என்றால் கை வைக்காதீர்கள்

மேலே சொன்னது வெறும் ஒலிக்கோப்புகளுக்கு. டெய்சி என்பது தலைப்பு வாரியாகத் தாவிக் கேட்கும்படி அமைக்கப்பட்ட பேசும் புத்தக வடிவம். டெய்சி வடிவில் வந்த புத்தகத்தின் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரை மாற்றவே கூடாது. அவை ஒன்றையொன்று பெயர் சொல்லித்தான் இணைத்துக்கொள்கின்றன. ஒன்றை மாற்றினாலும் புத்தகம் திறக்காமல் போகலாம், பாதியில் நிற்கலாம். மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. டெய்சியில் கேட்பவர் தலைப்பு தலைப்பாகத் தாவுவார், கோப்புப் பெயர் அவர் காதுக்கே வராது. வேண்டுமானால் வெளியே இருக்கும் கோப்புறைக்கு மட்டும் நல்ல பெயர் வையுங்கள்.

கடைசியாக, கேட்டுப் பாருங்கள்

கருவி கையில் இல்லாவிட்டால் கணினியில் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை நிறுவுங்கள். இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் தெரியும், கொஞ்சம் இயந்திரத்தனமாக இருந்தாலும். கோப்புறையைத் திறந்து, திரையை அணைத்துவிட்டு, கீழ் அம்புக்குறியை வேகமாகத் தட்டிக்கொண்டே போங்கள். வேகத்தையும் கூட்டுங்கள், பழகியவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஏழாம் பாடத்தின் இரண்டாம் பகுதி வந்ததும் உங்களால் நிறுத்த முடிந்தால் கார்டைக் கொடுத்துவிடலாம். தாண்டிப் போனால், எந்தச் சொல்லைக் கேட்கக் காத்திருந்தீர்கள் என்று பார்த்து, அதை இன்னும் முன்னால் கொண்டு வாருங்கள்.