உரிமம் பெற்ற பிராண்டுக்குக் குழந்தை உடை வடிவமைத்தல்

பெரியவர்களின் உடையில் பெயரெடுத்த பிராண்டுகள் பலவும் குழந்தை உடைகளைத் தாமே தயாரிப்பதில்லை. பெயரையும் லோகோவையும் பயன்படுத்தும் உரிமத்தை வேறொரு நிறுவனத்துக்கு அளித்து, விற்பனைக்கு ஏற்ப ராயல்டி பெறுகின்றன. ஹியூகோ பாஸின் குழந்தை உடைகளைப் பிரான்ஸின் சில்ட்ரன் வேர்ல்டுவைடு ஃபேஷன் நிறுவனம் பல ஆண்டுகள் தயாரித்தது இம்முறையில்தான். உரிமம் பெற்ற நிறுவனத்தில் சேரும் வடிவமைப்பாளர், பென்சிலை எடுப்பதற்கு முன் பிராண்டின் தோற்ற விதிகளைச் சொல்லும் ஸ்டைல் கைடை வரி விடாமல் படிக்க வேண்டும். லோகோவின் குறைந்தபட்ச அளவு, அதைச் சுற்றி விட வேண்டிய வெற்றிடம், பாண்டோன் என்ற நிறத் தரப்பட்டியலின் எண்கள் ஆகியவற்றில் நம் விருப்பத்துக்கு இடமில்லை.

பெரியவர் உடையைச் சுருக்கிவிட்டால் குழந்தை உடை கிடைத்துவிடும் என்று எண்ணுவதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பிறந்த குழந்தையின் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலைதான். ஒரு வயதில் தலைச் சுற்றளவு சுமார் 46 செ.மீ. இருக்கும். கழுத்து அதைத் தாண்டி விரியாவிட்டால், எவ்வளவு அழகான பனியனும் அழுகையில்தான் முடியும். ஆகவே தோளில் பிரஸ் பட்டன் வையுங்கள், அல்லது முன்பின் துணிகள் தோளில் ஒன்றன்மேல் ஒன்று படியும் என்வலப் கழுத்தைத் தேர்ந்தெடுங்கள். கால்சட்டையின் பின்புறத்தில் டயப்பருக்கும் இடம் விட வேண்டும்.

ஹூடியை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களின் ஹூடியில் கழுத்தருகே தொங்கும் தடித்த நாடாதான் பல பிராண்டுகளின் அடையாளம். ஆனால் ஐரோப்பாவின் ஈஎன் 14682 தரம், 7 வயதுக்குட்பட்டோரின் உடையில் தலை, கழுத்துப் பகுதிகளில் நாடாவை அழகுக்காகக்கூட அனுமதிப்பதில்லை. அமெரிக்காவிலும் 2டி (இரண்டு வயதுக்கான அளவு) முதல் 12 வரையிலான அளவுகளின் மேலுடைகளில் அந்த இடத்தில் இழுநாடாவுக்குத் தடை உண்டு. விளையாட்டுச் சாதனத்தில் நாடா சிக்கினால் குழந்தையின் கழுத்து இறுகிவிடும் என்பதே காரணம். நாடாவின் உருவத்தை அச்சாகப் போடலாம், அல்லது ஹூட்டின் ஓரத்தில் வேறு நிற ரிப் (வரிவரியாக நெய்த நெகிழ்வான) பின்னல் துணி வைக்கலாம். பிராண்டின் தோற்றமும் கெடாது. பிராண்டிடமிருந்து மறுப்பு வந்த பிறகு மாற்றுவதைவிட, இத்தகைய மாற்றை முதல் வரைபடத்திலேயே காட்டுவதுதான் நல்லது.

அச்சளவிலும் கவனம் தேவை. 6 மாதப் பனியனின் மார்பகலம் ஏறக்குறைய 24 செ.மீ.; 12 வயதுக்கு அது 40-ஐத் தாண்டிவிடும். எல்லா அளவுக்கும் ஒரே ஸ்கிரீன் (அச்சிடும் சட்டம்) போட்டால், சிறிய பனியனில் லோகோ அக்குள் தையலைத் தொட்டுவிடும். என் முதல் சாம்பிள்களில் ஒன்று திரும்பி வந்தது இப்படித்தான். இரண்டு மூன்று ஸ்கிரீன் அளவுகளுக்கான செலவை விலைக்கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

பிராண்டின் ஒப்புதல் பொதுவாகக் கருத்து வரைபடம், அச்சின் ஸ்ட்ரைக் ஆஃப் (துணியில் போட்டுப் பார்க்கும் சோதனை அச்சு), தயாரிப்புக்கு முந்தைய சாம்பிள் எனப் படிப்படியாக வரும். ஒவ்வொன்றுக்கும் நாள் ஒதுக்கி, எழுத்தில் பதில் பெற்று, தேதியுடன் கோப்பில் வையுங்கள். தொங்கு அட்டையும் கழுத்து லேபிளும்கூட உரிமம் அளித்த பிராண்டின் ஒப்புதலுக்குச் செல்ல வேண்டியவையே. இந்த ஒப்புதல்கள் எல்லாம் வராமல் துணியை வெட்ட அனுமதிக்காதீர்கள்.