குவில்ட் வகுப்பா? முதல் நாள் கால் அங்குலத் தையல் மட்டும்

புதியவர்களுக்குக் குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) சொல்லிக்கொடுக்கிறீர்களா? முதல் வகுப்பிலேயே போர்வைக்குப் போகவேண்டாம், கால் அங்குலத் தையல், அதாவது துணி ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே விழும் தையல், கைக்கு வரட்டும். ஊசிக்கு வலப்பக்கம் சரியாகக் கால் அங்குலம் அளந்து மெஷினில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள், துணியின் ஓரம் அதை உரசியபடியே போகவேண்டும். 1½ அங்குல அகலத்தில் 3 துண்டுகளை நீளவாக்கில் இணைத்து, தையலை ஒரு பக்கமாக மடித்து அயர்ன் செய்து அளந்தால் மொத்தம் 3½, நடுத்துண்டு 1 அங்குலம் வரவேண்டும். கூடினால் தையல் ஓரத்தை நெருங்கிவிட்டது, குறைந்தால் தள்ளிப்போய்விட்டது. டேப்பைக் கொஞ்சம் நகர்த்தினால் சரி. அயர்ன் பாக்ஸை இழுக்கவே கூடாது, வைத்து அழுத்தி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் துண்டு நெளிந்துவிடும்.

அப்புறம், கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் பாத்தேக் (மெழுகு வைத்துச் சாயமிட்ட பாத்திக்) காட்டன் வாங்கி வருகிறவர்களிடம் வெட்டுவதற்கு முன்பே அலசிக் காயவைக்கச் சொல்லிவிடுங்கள், கருநீலமும் சிவப்பும் சாயம் விட்டால் பக்கத்து வெள்ளைத் துண்டு போச்சு.