ஹோட்டல் கார்டு போனஸ்: புள்ளியை எண்ணாதீர்கள், வகுத்துப் பாருங்கள்

ஹோட்டல் குழுமங்களின் பெயரில் வரும், அங்கே தங்கப் பயன்படும் புள்ளிகளைத் தரும் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன், நீங்கள் நிஜமாகத் தங்கப்போகும் ஹோட்டலை அதே தேதிக்குப் பணத்திலும் புள்ளியிலும் தேடுங்கள். வரியோடு சேர்ந்த வாடகையைப் புள்ளிகளால் வகுத்தால் ஒரு புள்ளியின் மதிப்பு தெரிந்துவிடும். அறை 200 டாலர், புள்ளியில் 40,000 என்றால் ஒரு புள்ளி அரை சென்ட். புதிதாகக் கார்டு எடுப்பவருக்கு என்று விளம்பரத்தில் மின்னும் 1,00,000 புள்ளி போனஸ் அந்தக் கணக்கில் 500 டாலர்தான். ஆண்டுக் கட்டணத்தை அதிலிருந்து கழித்துவிடுங்கள்.

ஒவ்வொரு குழுமத்தின் புள்ளியும் தனி நாணயம் மாதிரி. ஹில்டனில் எண்ணிக்கை பெரிதாக இருக்கும். ஹயாத்தில் குறைவாக இருந்தாலும் ஒரு புள்ளிக்குப் பொதுவாக மதிப்பு கூடுதல்.

கார்டோடு வரும் இலவச இரவில்தான் (ஓர் இரவு வாடகை இல்லாமல் தங்கும் சலுகை) பலர் ஏமாறுகிறார்கள். மேரியட் கார்டுகள் தரும் இரவுக்குப் புள்ளி உச்சவரம்பு உண்டு; அதைவிடக் கூடுதல் புள்ளி கேட்கும் அறைக்கு அந்த இரவு மட்டும் போதாது. 35,000 வரம்புள்ள இரவை 20,000 புள்ளி அறைக்குப் பயன்படுத்தினால் மிச்சம் திரும்ப வராது. போதாததற்குக் காலாவதித் தேதியும் உண்டு. அதனால் அந்த இரவுக்கு நீங்கள் கையிலிருந்து எவ்வளவு கொடுத்திருப்பீர்களோ, அதையே மதிப்பாக வையுங்கள். 400 டாலர் அறை என்பார்கள்; சரி, நீங்கள் 150க்கு மேல் கொடுக்கமாட்டீர்கள் என்றால் அது 150தான்.

கார்டு பாக்கியை மாதாமாதம் முழுதாகக் கட்டாதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வட்டியே போனஸைத் தின்றுவிடும். போனஸ் கிடைக்கக் கார்டில் இவ்வளவு செலவழிக்க வேண்டும் என்று இலக்கு இருக்கும்; அதை எட்டுவதற்காகத் தேவையில்லாத பொருளை வாங்க வேண்டியிருந்தாலும் அப்படித்தான்.