ஸ்காட்லாந்துக் குடும்பக் கடிதங்களைத் தேடிப் படிக்கும் முறை

ஒரு கடிதம் எழுதப்பட்ட ஊரில் தங்குவதில்லை. போய்ச் சேர்ந்த ஊரில்தான் தங்குகிறது. ஸ்காட்லாந்து மக்களின் பழைய கடிதங்களையும், அங்கிருந்து கடல் கடந்து குடியேறியவர்களின் குடும்பத் தாள்களையும் தேடப் புறப்படும் எவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான். கனடாவுக்குப் போன மகன் தாய்க்கு எழுதியவை தாயின் வீட்டிலும், பிறகு அவளுடைய மற்றப் பிள்ளைகளின் வழித்தோன்றல்களிடமும், நல்வாய்ப்பு இருந்தால் ஸ்காட்லாந்துக் காப்பகம் ஒன்றிலும் கிடக்கும். தாய் மகனுக்கு எழுதியவை கனடாவில் இருக்கும். டைரீ தீவில் 1820-ல் பிறந்து நியூசிலாந்தில் உயர்பதவி வகித்த டொனால்ட் மெக்லீனுக்கு உறவினர்கள் எழுதிய கடிதங்கள் இன்று வெலிங்டனில், அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகத்தில் உள்ளன. புலம்பெயர்ந்தவரின் பெயரை மட்டும் பட்டியல்களில் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவுக்கு வருவதுதான் இத்துறையில் நான் மிகுதியாகக் காணும் பிழை. பட்டியலில் பெரும்பாலும் கடிதத்தைப் பெற்றவரின் பெயரே தலைப்பாக இருக்கும்.

ஆகவே தேடலுக்கு முன் ஒரு தாளை எடுத்து, உங்கள் ஆள் யாருக்கெல்லாம் எழுதியிருக்கக்கூடும் என்று குறித்துக்கொள்ளுங்கள்: பெற்றோர், உடன்பிறந்தார், திருச்சபைப் போதகர், நிலக்கிழார், நிலக்கிழாரின் காரியங்களைக் கவனித்த ‘ஃபாக்டர்’ எனப்படும் நிர்வாகி, குடும்ப வழக்கறிஞர். இந்தப் பெயர்களைக் கண்டறிய ‘ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்’ இணையத்தளம் உதவும். 1855 ஜனவரி 1 முதலான கட்டாயப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளும், அதற்கு முந்தைய காலத்துத் திருச்சபைப் பதிவேடுகளும், 1841 முதலான குடிக்கணக்குகளும், 1513-லிருந்து தொடங்கும் உயில் பதிவுகளும் அங்கு உள்ளன. உயில்களைத் தவறவிடாதீர்கள், வெளிநாட்டில் இருக்கும் சகோதரனுக்கு ஒரு பங்கு என்று ஒற்றை வரியில் வரும் குறிப்பே பல நேரங்களில் அடுத்த கதவைத் திறக்கிறது.

பெயர்களில் இரண்டு வழக்கங்களை அறிந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் மணமான பெண் சட்ட ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரைத் தொடர்ந்து தாங்கினாள். எனவே ஒரு தாயைக் கணவனின் குடும்பப்பெயரில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். அடுத்து, முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயரும் இடுவது பரவலான வழக்கம் என்பதால், ஒரே பள்ளத்தாக்கில் ஒரே பெயருடைய பெரியப்பா பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளுமாக நான்கைந்து பேர் ஒரே காலத்தில் வாழ்ந்திருப்பார்கள். இவர்களைப் பிரித்தறியப் பண்ணைப் பெயர் துணை செய்யும். நிலத்துக்கு உரிமையாளரானால் இன்ன இடத்தின் இன்னார் என்றும், குத்தகைக்காரரானால் இன்ன இடத்தில் உள்ள இன்னார் என்றும் எழுதுவது பழைய மரபு. ஆங்கிலத்தில் ‘ஆஃப்’, ‘இன்’ என்னும் இரு சிறு சொற்கள்தான் இந்த வேறுபாட்டைச் சுமக்கின்றன. படியெடுக்கும்போது அவற்றை மாற்றிவிட்டால் ஒரு குத்தகைக்காரர் நிலக்கிழாராகிவிடுவார்.

எங்கே தேடுவது

முதல் இடம் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம். தனியார் குடும்பங்கள் நன்கொடையாகவோ பாதுகாப்புக்காகவோ ஒப்படைத்த தாள்கள் அங்கு ‘ஜிடி’ என்னும் எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டு எண்களைப் பெற்றுள்ளன. ஜிடி 112 என்பது பிரெடால்பேன் குடும்பத்தின் ஆவணங்கள். ஜிடி 46 என்பது சீஃபோர்த் குடும்பத்தின் ஆவணங்கள். இவை பெருநிலக்கிழார்களின் தாள்கள்தானே, எளிய குடியானவருக்கு இதில் என்ன வேலை என்று ஒதுக்கிவிடக் கூடாது. வாடகை கட்ட முடியாதவர் எழுதிய மனு, கப்பல் கட்டணத்துக்கு உதவி கேட்ட விதவையின் விண்ணப்பம், ஊரைவிட்டுப் போனவரின் குத்தகையைத் தம்பிக்கு மாற்றித் தரும்படி வந்த வேண்டுகோள் ஆகியவை நிர்வாகிக்கு வந்த கடிதக் கட்டுகளுக்குள்தான் உறங்குகின்றன. ஏழைகளின் சொந்த வீட்டில் தாள்கள் நிலைத்ததில்லை. அவர்களுடைய குரல் நிலைத்தது நிலக்கிழாரின் பெட்டியில்.

இன்னும் குடும்பங்களின் கையிலேயே இருக்கும் தாள்களைக் கண்டறிய, 1946-ல் தொடங்கப்பட்ட ஸ்காட்லாந்துத் தேசிய ஆவணப் பதிவேடு உள்ளது. அது உரிமையாளரின் வீட்டில் உள்ளவற்றை ஆய்வு செய்து பட்டியலிட்டு வைத்திருக்கும் பதிவேடு. பார்க்க விரும்புவோர் அதன் வழியாகவே உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். பதில் வரப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால் பயண நாளை முடிவு செய்வதற்கு முன்பே எழுதிவிடுங்கள். இவற்றோடு ஸ்காட்லாந்துத் தேசிய நூலகத்தின் கையெழுத்துப் பிரிவு, அபர்டீன், கிளாஸ்கோ பல்கலைக்கழகங்களின் சிறப்புத் தொகுப்புகள், கிர்க்வாலில் உள்ள ஆர்க்னி நூலகமும் காப்பகமும், இன்வர்னெஸ்ஸில் உள்ள ஹைலேண்ட் ஆவண மையம் ஆகியவற்றையும் பாருங்கள்.

கடலுக்கு அப்பால், போன நாட்டைப் பொறுத்து இடம் மாறும். சிவப்பாற்றுக் குடியேற்றத்தை நிறுவிய செல்கர்க் பிரபுவின் தாள்களின் படிகள் கனடாவின் தேசிய நூலக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1848-ல் ‘ஜான் விக்லிஃப்’, ‘ஃபிலிப் லாயிங்’ என்னும் இரு கப்பல்களில் நியூசிலாந்தின் ஒட்டாகோவுக்குச் சென்ற குடியேறிகளைப் பற்றி அறிய டனீடின் நகரின் ஹாக்கன் தொகுப்பை நாட வேண்டும். கிளாஸ்கோவில் பிறந்து சென்னை மாகாண ஆளுநராகி 1827-ல் இறந்த தாமஸ் மன்றோவின் தாள்கள் லண்டனில், பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. மேற்குக் கரையிலிருந்தும் தீவுகளிலிருந்தும் 1852-க்கும் 1857-க்கும் இடையில் ஏறத்தாழ 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய ஹைலேண்ட் மற்றும் தீவுகள் குடியேற்றச் சங்கத்தின் பயணிகள் பட்டியல் எடின்பரோவிலேயே இருக்கிறது. அது கடிதத் தொகுப்பு அன்று. ஆனால் ஒருவர் எந்தக் கப்பலில் ஏறினார் என்பது தெரிந்தால்தான் எந்தத் துறைமுகத்தின் காப்பகத்தைத் திறப்பது என்பது தெரியும்.

கடிதத்தைப் பெற்றவரிடம் தேடு என்னும் விதிக்கு இரண்டு விலக்குகள் உண்டு. வணிகர்களும் வழக்கறிஞர்களும் தாம் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு படியைப் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். இத்தகைய கடிதப் பேரேடு அனுப்பியவரின் பக்கத்தில் இருக்கும். மற்றது மனத்தைத் தைக்கும் விலக்கு. ஆர்க்னித் தீவுகளின் ஸ்ட்ரோம்னெஸ் துறைமுகத்தில் தலைமுறை தலைமுறையாக ஆள் எடுத்த, வட அமெரிக்காவில் மென்மயிர்த் தோல் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் ஆவணங்கள் இன்று கனடாவின் வினிப்பெக் நகரில் உள்ளன. அவற்றுள், வீட்டார் அனுப்பி, பெற வேண்டியவர் இறந்துவிட்டதாலோ ஓடிவிட்டதாலோ வேறு இடம் போய்விட்டதாலோ அவர் கைக்குப் போகாமல் திரும்பிய கடிதங்களும் உள்ளன. எழுதியவருக்கும் கிடைக்காமல், எழுதப்பட்டவருக்கும் கிடைக்காமல், நிறுவனத்தின் கையில் தங்கியவை அவை.

தாள் கைக்கு வந்ததும்

வாசிப்பறைக்குப் பென்சிலை மட்டும் கொண்டு செல்லுங்கள். பெரும்பாலான காப்பகங்கள் பேனாவை அனுமதிக்காது. குறியீட்டு எண்களை முன்னதாகவே அனுப்பி வையுங்கள், ஏனெனில் பல தொகுப்புகள் வேறு கட்டடத்திலிருந்து வர வேண்டியிருக்கும். கட்டில் உள்ள வரிசையைக் கலைக்காதீர்கள்.

படிக்கத் தொடங்குவதற்கு முன் தாளையே பாருங்கள். 1840-க்கு முன் அஞ்சல் கட்டணம் தாள்களின் எண்ணிக்கையையும் தூரத்தையும் பொறுத்தது. அதைப் பெரும்பாலும் பெறுபவரே கட்டினார். உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்கிடப்படும். எனவே ஒரே பெரிய தாளை இரண்டாக மடித்து, மூன்று பக்கம் எழுதி, நான்காம் பக்கத்தின் நடுவில் முகவரி இட்டு, ஓரங்களை உள்ளே மடித்து அரக்கு வைப்பார்கள். பெற்றவர் அரக்கைப் பிரித்தபோது தாளின் ஓரத்தில் ஒரு துண்டு கிழிந்து, மூன்றாம் பக்கத்தில் இரண்டு மூன்று சொற்கள் காணாமல் போயிருக்கும். அந்த இடத்தை வெற்றிடம் என்று குறித்துவிட்டு நகராதீர்கள்: மடிப்பின் மறுபுறத்தில் அரக்கின் அடியில் அந்தத் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், தாளை மெதுவாகச் சாய்த்துப் பார்த்தால், தலைகீழாக நிற்கும் அந்தச் சொல்லைப் படித்துவிடலாம். முகவரிப் பக்கத்தில் அஞ்சல் முத்திரையே இல்லை என்றால், ஊருக்குத் திரும்பிய யாரோ ஒருவரின் கையில் கொடுத்தனுப்பிய கடிதம் என்று கொள்ள இடமுண்டு. அவர் பெயரும் பல நேரங்களில் முகவரியின் கீழ்மூலையில் இருக்கும்.

இடத்தை மிச்சப்படுத்த, எழுதி முடித்த பக்கத்தைக் கால் சுற்றுத் திருப்பி, முன்வரிகளின் குறுக்கே மீண்டும் எழுதும் பழக்கமும் இருந்தது. பார்த்த மாத்திரத்தில் வலை பின்னியதுபோல் தோன்றினாலும் பொறுமையாக அணுகினால் படித்துவிடலாம். படம் எடுத்து, ஒரு திசையின் வரிகள் கிடையாக நிற்கும்படி திருப்பி, ஒரு வரிக்கு மேலும் கீழும் திரையில் காகிதத் துண்டால் மறைத்துப் படியுங்கள். குறுக்கு எழுத்து முதல் பக்கத்திலேயே மீண்டும் தொடங்குவதால், கடிதத்தின் முடிவும் கையொப்பமும் முதல் பக்கத்திலேயே இருக்கக்கூடும்.

பதினேழாம் நூற்றாண்டுக் கடிதங்களில் ‘செக்ரட்டரி’ என்னும் பழைய கையெழுத்து வரும். அதில் ‘தி’ என்னும் சொல்லின் முதலெழுத்து, ‘ஒய்’ என்னும் ஆங்கில எழுத்தைப்போல் தோன்றும். ஆங்கிலத்துக்கு நெருக்கமான ஸ்காட்ஸ் மொழியின் ‘யோக்’ என்ற பழைய எழுத்து ‘இசட்’ போலத் தோன்றும். மென்சீஸ் என்று எழுதப்படும் குடும்பப்பெயரை ஸ்காட்லாந்தில் மிங்கிஸ் என்று ஒலிப்பதற்குக் காரணம் அதுவே. ஸ்காட்ஸ் சொற்களுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்காட்ஸ் மொழி அகராதியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்: ‘டாக்’ என்றால் குத்தகை, ‘ரூப்’ என்றால் ஏலம்.

தேதிகளில் பொறுமை தேவை. ‘இன்ஸ்டன்ட்’ என்றால் இந்த மாதம், ‘அல்டிமோ’ என்றால் போன மாதம். வாடகையும் கூலியும் பேசும் கடிதங்கள் மே 15-ஆம் நாளை விட்சண்டே என்றும், நவம்பர் 11-ஐ மார்ட்டின்மாஸ் என்றும் குறிக்கும். ஸ்காட்லாந்தில் 1600 முதலே ஆண்டு ஜனவரி 1-ல் பிறந்தது. இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752 வரை அது மார்ச் 25-ல்தான் பிறந்தது. எனவே புலம்பெயர்ந்தவர் ஒருவர் வட அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து எழுதியது எந்தக் கணக்கில் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே டேரியனில் குடியேறிய 18 ஹைலேண்டர்கள் (ஸ்காட்லாந்து மலைநாட்டார்), அடிமைமுறையை அனுமதிக்கக் கூடாது என்று கையொப்பமிட்ட மனுவின் தேதி, ஆண்டு ஜனவரியில் பிறக்கும் கணக்கில் 1739 ஜனவரி 3. அந்நாளைய இங்கிலாந்துக் கணக்கில் அந்த ஜனவரி 1738-ஐச் சேர்ந்தது. ஐயம் வந்தால் இரண்டு ஆண்டுகளையும் சாய்கோட்டால் பிரித்து எழுதுங்கள். பணத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும்: ஸ்காட்ஸ் பவுண்டு என்பது ஸ்டெர்லிங் பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டுமே, 1707-க்குப் பிறகும் கணக்குகளில் அது தொடர்ந்தது.

சொன்னதும் சொல்லாததும்

புலம்பெயர்ந்தவரின் கடிதம் ஒருவர் தனியே படிப்பதற்காக எழுதப்பட்டது என்று எண்ண வேண்டாம். அக்கம்பக்கத்தார் கூடி நிற்க உரக்கப் படிக்கப்படும் என்பதை அறிந்தே எழுதினார்கள். எழுதத் தெரியாதவருக்காகப் போதகரோ பள்ளி ஆசிரியரோ எழுதியதும் உண்டு. பேச்சில் மலைநாட்டு மொழியான கேலிக் மட்டுமே புழங்கிய வீட்டிலிருந்து கடிதம் ஆங்கிலத்தில் வருவதன் காரணமும், ஒரே சம்பிரதாயத் தொடக்கம் பல கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவதன் காரணமும் பெரும்பாலும் இதுதான். கையெழுத்தும் கையொப்பமும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜமைக்கா, கிரெனடா, டெமராரா ஆகிய கரிபியப் பகுதி இடங்களிலிருந்து வந்த கடிதங்களை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். சர்க்கரை விலையும் வீட்டுக்கு அனுப்பிய பணமாற்று உண்டியலும் பேசும் வரிகளுக்கு நடுவே ‘ஆட்கள்’, ‘கைகள்’ என்று மட்டும் குறிக்கப்படுபவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்கள். அந்தச் சொற்களைப் படியில் உள்ளபடியே எழுதி, அவர்கள் யார் என்பதைக் குறிப்பில் வெளிப்படையாகச் சொல்வதே நேர்மையானது என்பது என் உறுதியான எண்ணம். குடும்பக் கடிதங்களில் அவர்களுடைய குரல் கேட்பதே அரிது. நீதிமன்றத் தாள்களில் சில வேளை கேட்கும். ஜமைக்காவிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஜோசஃப் நைட், தம் விடுதலைக்காக நடத்தி 1778-ல் வென்ற வழக்கின் ஆவணங்கள் எடின்பரோவில் உள்ளன.

படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகளைத் திருத்தாதீர்கள். வரி முறியும் இடத்தைக் காட்டுங்கள். ஊகித்த சொல்லைச் சதுர அடைப்பில் இடுங்கள். குறியீட்டு எண்ணை ஒவ்வொரு படத்தின் பெயரிலும் சேருங்கள். வெளியிட நினைத்தால் இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள்: எழுதியவர் 1969-க்கு முன் இறந்து, கடிதம் 1989 ஆகஸ்ட் 1-க்கு முன் அச்சேறாமல் இருந்தால், அது இருநூறு ஆண்டுப் பழமையானதாயினும் பிரித்தானியச் சட்டப்படி அதன் பதிப்புரிமை 2039 முடியும்வரை நீடிக்கும்.

இத்தகைய கட்டு உங்கள் வீட்டிலேயே இருந்தால், ஒட்டுநாடாவும் நெகிழி உறையிடலும் வேண்டாம். துருப்பிடிக்கும் ஊசிகளைக் கழற்றி, அமிலமற்ற தாளில் சுற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். எந்தக் கடிதம் எதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பிரிக்கும் முன்பே பென்சிலால் தனித்தாளில் குறியுங்கள். காப்பகத்துக்குக் கொடுக்கும் நாளில் அந்தத் தாளையும், அந்தப் பெட்டி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பாட்டி சொன்ன விவரத்தையும் கட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.