குளத்துக்கு ஏன் 'டாங்க்'? ஓர் ஆங்கிலச் சொல்லின் அடியைத் தேடுகிற விதம்

கிளிநொச்சியில் இரணைமடுக் குளக்கட்டிலை நிற்கும்போது ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற மருமகள் கேட்டாள்: "மாமா, டாங்க் எண்டால் கூரையிலை இருக்கிற கறுப்புத் தாங்கியெல்லோ? பிறகேன் இவ்வளவு பெரிய குளத்தை இரணைமடு டாங்க் எண்டு சொல்லினம்?"

நல்ல கேள்வி. பதிலை நானே சொல்லாமல், போனில் அவளையே தேட வைத்தேன். நீங்களும் இப்படியே தேடலாம்.

முதலில் ஆங்கிலம்-தமிழ் அகராதிப் பக்கம் போகாதீர்கள். அது 'தொட்டி' என்று ஒரு சொல்லைத் தந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். ஆங்கிலம்-ஆங்கில அகராதியில் பொருள்கள் 1, 2, 3 என்று வரிசையாக இருக்கும், நீங்கள் அந்தச் சொல்லைக் கண்ட வசனத்தைப் பக்கத்தில் வைத்து எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

அடுத்தது பிறப்பு. எட்டிமான்லைன் என்ற இணைய அகராதி இதற்கென்றே இருக்கிறது, காசும் இல்லை. அதில் போடுகிற ஆண்டு சொல் பிறந்த ஆண்டு அல்ல, எழுத்தில் முதலில் அகப்பட்ட காலம், வாயில் அதற்கு முன்பே புழங்கியிருக்கும். டாங்க் 1610களில் வருகிறது, அப்போது பொருள் குடிக்கவும் வயலுக்குப் பாய்ச்சவும் நீர் தேக்கி வைக்கிற குளம். கொள்கலன் என்ற பொருள் 1680களில்தான். ஆக, பழைய பொருள் இரணைமடுவில் இருக்கிறது, கூரையில் இருப்பது பிந்தி வந்தது!

இனித்தான் அவதானம் வேண்டும். குஜராத்தி, மராத்தியில் நீர்த்தொட்டியைக் குறித்த சொல்லைப் போர்த்துக்கேயர் எடுத்துப் போனார்கள் என்பது ஒரு கட்சி, அதற்கும் மூலம் சமஸ்கிருதத் தடாகமாக இருக்கலாமாம். இல்லை, ஓடுகிற நீரை மறிப்பதைக் குறிக்கும் போர்த்துக்கேய வினையிலிருந்து பிறந்து இந்தியாவுக்கு வந்தது என்பது மறு கட்சி. அகராதி 'ஒருவேளை' என்று எழுதியிருந்தால் அந்த 'ஒருவேளை'யை விழுங்கிவிட்டு மற்றவருக்குச் சொல்லாதீர்கள்.

"அப்ப எங்கடை தாங்கியிலையிருந்துதான் டாங்க் வந்தது!" என்று துள்ளினாள். எல்லாரும் விழுகிற குழி இது. ஓசை ஒத்துப்போனால் போதாது, எந்த வழியால், யார் வாயால் போனது என்பதற்குத் தடயம் வேண்டும். கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குப் போனதற்கு அது இருக்கிறது, தாங்கிக்கு இல்லை. என்னைக் கேட்டால், ஆங்கிலச் சொல்லின் ஓசைக்கும் 'தாங்கு' என்ற வினைக்கும் பொருந்த நம்மவர்கள்தான் 'தாங்கி' என்று ஆக்கியிருக்கிறார்கள்.

கடைசியாக, பொருள் எங்கே திரும்பியது என்று பாருங்கள். முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் புதுக் கவச வண்டியை இரகசியமாகச் செய்தபோது, தண்ணீர் கொண்டுபோகிற தொட்டி என்று சொல்லி மறைத்தார்கள். 1915 டிசம்பரில் வைத்த அந்தப் பொய்ப்பெயர், 1916 செப்டெம்பர் 15இல் சோம் போர்க்களத்தில் வண்டிகள் இறங்கிய பிறகும் ஒட்டிக்கொண்டது. இந்த டாங்கி எதுவென்று போரைக் கண்ட வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை, அவளும் மேலே கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் வான்கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றவள், "அப்ப பண்ட்?" என்றாள். குளக்கட்டுக்கு ஆங்கிலத்தில் அதுதானே. தேடினாள். இந்துஸ்தானி வழியாகப் பாரசீகத்திலிருந்து வந்த சொல். அங்கே அதன் அடிப்பொருளும் கட்டுவதுதான்.