பழைய அம்பாசிடர பழையபடியே ஆக்குறது எப்படி (நான் பட்ட பாடும் சேத்து)

எங்க தாத்தா வாங்குன 1972 மாடல் அம்பாசிடர் மார்க் 2, திருநெல்வேலி பக்கம் சேரன்மாதேவி வீட்டுல தொழுவத்துக்குப் பக்கத்துல பதினோரு வருசமா தார்ப்பாய் மூடிக் கெடந்துச்சு. ஊருல பெரியாளுக இன்னமும் அத 'பிளசர்'னுதான் சொல்லுவாவ. அத வெளிய இழுத்து, ஃபேக்டரில இருந்து வந்தமேனிக்கு ஆக்கிரணும்னு உக்காந்தேன், ரெண்டு மாசத்துல முடிஞ்சிரும்னு நெனச்சது பதினாலு மாசம் இழுத்துட்டு. இப்ப ஓடுது. வாட்சப்புல ஆளாளுக்கு "எப்படிண்ணே பண்ணுனீங்க"ன்னு கேக்காவ, ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி முடியல, அதான் இந்தப் பதிவு. பிளக் கழட்டுறது, ஆயில் மாத்துறதெல்லாம் தெரியும்னு வச்சுக்கிட்டுதான் எழுதுதேன்.

1. மொதல்ல ஆர்.சி. புக்க எடுங்க

ஸ்பேனர எடுக்காதீங்க. ஆர்.சி.ல இருக்க சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டில இருக்கதும் ஒண்ணுதானான்னு பாருங்க. நம்ம பக்கம் டாக்ஸி ஓட்டுன வண்டில பாதிக்கு மேல டீசல் இன்ஜின் மாத்தியிருப்பாவ, புக்குல பெட்ரோல்னே இருக்கும். அப்படி ஒரு வண்டிய வாங்கிட்டு 'ஒரிஜினல்'னு சொன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சிரிப்பாவ.

அம்பது வருசம் தாண்டுன வண்டிய விண்டேஜ்னு பதிய 2021ல மத்திய அரசு தனி விதி கொண்டுவந்துச்சு. புதுசா பதியுறதுக்கு ஃபீஸ் 20,000 ரூவா, நம்பர்ல 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும், ஏற்கெனவே பதிஞ்ச வண்டின்னா பழைய நம்பரயே வச்சுக்கலாம். ஆனா வண்டி அதோட பழைய வடிவத்துல இருக்கணும், அதுக்குப் பொறவு தெனசரி ஓட்டவும் முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னுதான் ரோட்டுக்கு வரலாம். கல்யாண வாடகைக்கு விடலாம்னு கணக்குப் போடுறவுக இத ரெண்டு தரம் படிச்சுக்கோங்க.

2. எது ஒரிஜினல்னு வண்டிட்டயே கேளுங்க

எங்க வண்டி வெள்ளைன்னுதான் எனக்கு நெனப்பு. நான் பொறந்ததுல இருந்து வெள்ளைதான். கதவு ரெக்சின கழட்டுனா உள்ள வெளிறுன நீலம்! டிக்கி ரப்பர உரிச்சா அங்கயும் அதே நீலம். ஆச்சிட்ட கேட்டா "ஆமா, அது மொத நீலமால்லா இருந்துச்சு, ஒங்க மாமா கல்யாணத்துக்கு வெள்ளையடிச்சாவ"ன்னு சாதாரணமா சொல்லுதா. நாலு லிட்டர் வெள்ளை பெயிண்ட் வாங்கி வச்ச பொறவு.

அதனால டேஷ்போர்டுக்கு அடில, கதவு ரெக்சினுக்குப் பின்னால, டிக்கி ரப்பருக்குக் கீழ, இந்த மூணு எடத்தயும் பாக்காம கலர் முடிவு பண்ணாதீங்க. வெயிலே படாத எடத்துல கொஞ்சம் காம்பவுண்ட் (பெயிண்ட் மேல்தோல தேச்செடுக்குற பசை) போட்டுத் தேச்சா பழைய கலர் துலக்கமா தெரியும். அந்தத் துண்டோட மிக்ஸிங் கடைக்குப் போயி, டியூப்லைட் வெளிச்சத்துல இல்ல, வெளிய வெயில்ல வச்சு மேட்ச் பண்ணச் சொல்லுங்க.

ஒரு காந்தத்துல துணிய சுத்தி பாடி பூரா தடவிப் பாருங்க. ஒட்டாத எடமெல்லாம் பட்டி (பள்ளத்த நெரப்புற பசை). எங்க வண்டில எடதுபக்கம் பின்னால காந்தம் வழுக்கிட்டே போச்சு, தட்டிப் பாத்தா அரை இஞ்சுக்கு பட்டி, உள்ள தகரமே இல்ல.

3. கழட்டுறது

ஒவ்வொரு நட்டு கழட்டுறதுக்கு முன்னாடியும் போட்டோ. நான் மொத நாள் எல்லா போல்ட்டயும் ஒரே ஓலப்பெட்டில போட்டேன், சாயங்காலம் பாத்தா எது கதவுது, எது பம்பருதுன்னு சாமிக்குத்தான் வெளிச்சம். மறுநாள்ல இருந்து அல்வா டப்பா. நம்ம ஊருல அதுக்கா பஞ்சம்? மூடில மார்க்கர்ல எழுதிருங்க. துருப்பிடிச்ச பழைய சாமான் எதயும் காயலாங்கடைக்குப் போடாதீங்க, புதுசு வாங்கப் போகையில அதக் காட்டித்தான் கேக்கணும்.

ஸ்பேனர் விசயத்துல நான் ஒரே பிடிதான்: இஞ்ச் ஸ்பேனர் செட் வாங்குங்க, அதுவும் ரிங் ஸ்பேனர். இந்த வண்டி இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்தது, அரை இஞ்ச் நட்டுன்னா 12.7 எம்.எம். வீட்டுல இருக்க 13 ஸ்பேனர் போட்டா உக்காந்த மாதிரிதான் இருக்கும், பலங்குடுத்தா முனை மழுங்கி நட்டு உருண்டையாயிரும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர இந்த வேலை முடியுற வரைக்கும் கண்ணுல படாம எங்கயாவது தூக்கி வைங்க.

4. இன்ஜின்

வருசக்கணக்கா நின்ன வண்டிய எடுத்ததும் செல்ஃப் அடிக்கக் கூடாது. பிளக் நாலயும் கழட்டி, இன்ஜின் ஆயில்ல கொஞ்சம் டீசலக் கலந்து ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு ஸ்பூன் விட்டு நாலு நாள் ஊறப்போடுங்க. பொறவு ஹேண்டில் போட்டு பைய சுத்துங்க. சுத்தலன்னா இன்னும் நாலு நாள். எனக்கு ஒம்பதாவது நாள் அசைஞ்சுது. 1489 சி.சி. இன்ஜின், ரொம்ப உழைப்பாளி, லேத்துல குடுத்து போர் (சிலிண்டரோட உள்விட்டம்) பாத்துட்டு பிஸ்டன் ரிங் மட்டும் மாத்துனேன். ஃபயரிங் ஆர்டர் (பிளக் பொறி விடுற வரிசை) 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பாயிண்ட் கேப் 0.35ல இருந்து 0.40 எம்.எம்.க்குள்ள. என் வண்டில எஸ்.யூ. கார்புரேட்டர், அதுக்கு மேல இருக்க டேஷ்பாட்ல (ஆயில் நிக்குற சின்னக் குழல்) ஆயில் இல்லன்னா ஆக்சிலேட்டர மிதிக்கையில வண்டி இருமும். அது தெரியாம நான் ஒரு வாரம் பிளக் பொறி விடுற டைமிங்க திருப்பிட்டே கெடந்தேன்.

பெட்ரோல் டேங்க்ல ஓட்டைன்னா வெல்டிங் வைக்க நீங்க நிக்காதீங்க. தெரிஞ்ச ஆளுட்ட குடுங்க. பெட்ரோல் இல்லாத காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ள ஆவி நிக்கும்.

5. பிரேக் (இங்கதான் நான் மாட்டுனேன்)

இத மட்டும் பொறுமையா படிங்க.

நாலு சக்கரமும் ட்ரம், ஹைட்ராலிக். வீல் சிலிண்டர் எல்லாத்துக்கும் புது ரப்பர் கிட் வாங்குனேன். மாட்டுறதுக்கு முன்னாடி சுத்தமா இருக்கட்டும்னு சிலிண்டரயும் ரப்பரயும் சேத்து ஒரு டப்பா டீசல்ல போட்டு அலசுனேன். காலங்காலமா எல்லா சாமானயும் அப்படித்தான அலசுதோம். மாட்டி, பிரேக் ஆயில் ஊத்தி, வண்டிய எடுத்துக்கிட்டு பத்தமடைப் பக்கம் போனேன். போகப்போக வண்டி யாரோ பின்னால புடிச்சு இழுக்க மாதிரி இருக்கு. நிப்பாட்டி எறங்குனா முன்சக்கரத்துல இருந்து கருகுன வாடை, ட்ரம் மேல தண்ணி தெளிச்சா தோசக்கல்லு மாதிரி 'சுர்'ருங்குது. கழட்டிப் பாத்தா புது ரப்பரெல்லாம் ராத்திரி ஊறப்போட்ட கொண்டக்கடல மாதிரி உப்பிக் கெடக்கு. பிரேக் விட்ட பொறவும் பிஸ்டன் திரும்பி உள்ள போக வழியில்ல.

டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல், கிரீஸ், இதுல எதுவும் பிரேக் ரப்பர்ல படக் கூடாது. புது பிரேக் ஆயில்ல மட்டும் கழுவுங்க. ஒருதரம் டீசல் பட்ட ரப்பர தொடச்சும் போடாதீங்க, தூரப் போட்டுருங்க.

ரெண்டாவது தரம் ரப்பர் சரி, ஆனா பெடல் தரை வரைக்கும் போகுது. ஏர் இருக்குன்னு பிளீட் (பைப்ல இருக்க காத்த வெளியேத்துறது) பண்ணுதேன், பண்ணுதேன், பண்ணிட்டே இருக்கேன், ஒரு லிட்டர் ஆயில் காலி, தம்பி பெடல மிதிச்சு மிதிச்சு கெண்டக்கால் புடிச்சுட்டு. கடைசில ஜங்ஷன் பக்கத்துல ஒரு வயசான மெக்கானிக் அண்ணாச்சி வந்து குனிஞ்சு பாத்துட்டு "லைனர அட்ஜஸ்ட் பண்ணுனியாவே?"ன்னாவ. பண்ணல. ஷூ (லைனர் ஒட்டுன வளைஞ்ச தகடு) ட்ரம்ம விட்டுத் தள்ளி நின்னா பெடல் போடுற ஆயிலெல்லாம் அத நகத்தவே சரியாப்போவும், ஏரே இல்லன்னாலும் பெடல் எறங்கத்தான் செய்யும். சக்கரத்த ஜாக்கி வச்சுத் தூக்கி, அட்ஜஸ்டர சக்கரம் சுத்தாம நிக்குற வரைக்கும் இறுக்கி, லேசா உரசுற சத்தம் மட்டும் வர்ற அளவுக்குத் திருப்பி லூஸ் பண்ணணும். நாலு சக்கரத்துக்கும் அதச் செஞ்சிட்டு, மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் தள்ளுற மெயின் சிலிண்டர்) ரொம்பத் தூரத்துல இருக்க சக்கரத்துல தொடங்கி பிளீட் பண்ணுனோம். பத்தே நிமிசம். பெடல் கல்லு மாதிரி நின்னுட்டு.

இன்னொண்ணு, பிரேக் ஆயில் பெயிண்ட்ட தின்னுரும். அதனால பெயிண்டுக்கு முன்னாடி பிரேக் வேலைய முடிங்க.

6. டிங்கரிங், பெயிண்ட்

தகரம் வெட்டி ஒட்டுறதுக்கு சி.ஓ.டூ. வெல்டிங் இருக்க பட்டறையா பாருங்க. கேஸ் வெல்டிங்ல மெல்லிசு தகரம் சூட்டுல நெளிஞ்சிரும், நெளிவ மறைக்கத் திரும்ப பட்டிதான் போடுவாவ.

பெயிண்ட் அடிக்க மாசம் முக்கியம். ஆனித் தேரோட்டம் சமயத்துல தொடங்கி ஆடி வரைக்கும் நம்ம பக்கம் அடிக்க காத்துக்கு, ஷெட்டுல நாலு பக்கமும் படுதா கட்டுனாலும் மண்ணு வந்து ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைல என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ், பழைய வகை) பெயிண்ட் அடிச்சா ஈரத்துக்கு வெள்ளை பூத்துரும். நான் மாசில அடிச்சேன். பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் நல்லா பளபளக்கும், உழைக்கும், எல்லாரும் அதத்தான் சொன்னாவ. எனக்கு அந்தக் கண்ணாடி மினுக்கம் இந்த வண்டிக்கு ஒட்டாத மாதிரி பட்டுச்சு, என்.சி.லயே அடிச்சு கையால பாலிஷ் போட்டேன். வாரத்துக்கு ஒருக்கா தொடைக்க சோம்பல்னா நீங்க பி.யூ.வே அடிங்க.

ஒயரிங் நான் பண்ணல. எலி கடிச்சு வச்சிருந்ததப் பாத்தே கைய எடுத்துட்டேன், எலக்ட்ரீசியன்தான் புதுசா இழுத்தாரு. சீட்டும் அப்படித்தான், பழைய ரெக்சின் துண்டக் குடுத்து அதே மாதிரி தையல் வேணும்னு சொன்னேன். சின்னச் சின்னச் சாமானுக்கு சென்னை புதுப்பேட்டைக்கு ரெண்டு நடை போனேன், பழசக் கையில கொண்டு போனதால ஏமாறல.

பின்சேர்க்கை

இதப் படிச்சிட்டு வள்ளியூர் தம்பி ஒருத்தர் கேட்டாரு: "எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே பண்ணேண்ணே, ஆறு மாசத்துல பெட்ரோல் ஹோஸ் பிசுபிசுன்னு ஆயிட்டு, பம்புலயும் கசிவு." இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அந்தக் காலத்து ரப்பருக்கும் கார்க்குக்கும் அது ஆகாது. என் வண்டியத் தொட்டுப் பாத்தா அதே பிசுபிசுப்பு. ஹோஸ எத்தனால் தாங்குறதா கேட்டு வாங்கி மாத்துங்க, பம்ப் டயாஃப்ரமும் (பம்புக்குள்ள இருக்க சவ்வு) மாத்துங்க. மாசக்கணக்கா ஓட்டாம நிப்பாட்டுறதா இருந்தா டேங்க்ல பெட்ரோல தேக்கி வைக்காதீங்க, தண்ணிய இழுத்து உள்ள துருப்பிடிக்கும். வெளிய பாக்கைல அதே கருப்பு ஹோஸ்தான், ஒரிஜினல் போச்சேன்னு கவலப்பட வேண்டாம்.